எலும்பில் ஒன்றுமில்லை

காலைப் பட்டியலில் பதினோரு மணிக்கு எதிரே இருந்த பெயரைக் கறார் மூன்று தடவை படித்தாள். பெயர் அதேதான். பின்னால் அண்ணன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் இப்போது அந்தப் பெண்ணுடைய அப்பா பெயர் இருந்தது. வயது முப்பத்தெட்டு. வலது மணிக்கட்டு வலி. அல்ட்ராசவுண்ட்.

கறார் என்பது ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வைத்த பெயர். பத்து மணிக்கு வரச் சொன்னவர் பத்தேகாலுக்கு வந்தால் அவருக்குக் கடைசி இடம்தான். தண்ணீர் குடிக்காமலே வந்து, ரெண்டு லிட்டர் குடித்தேன் என்று சத்தியம் செய்கிறவர்களிடம் திரையைத் திருப்பி வைத்து, "எங்க இருக்கு, காட்டுங்க" என்பாள். பெயர் முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்டது. காதுக்கு எட்டியபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரப் பிடித்துக்கூட இருந்தது.

பட்டியலில் இருந்தவள் அவளுடைய அண்ணி. அதாவது ஆறு வருஷத்துக்கு முன்னால் வரை. விவாகரத்து ஆன அன்றே, இனி இந்த வீட்டில் யாரும் அவளை அண்ணி கிண்ணி என்று சொல்லக் கூடாதென்று அண்ணன் சொல்லிவிட்டான். வேறு எப்படிச் சொல்வதென்று அவன் சொல்லவில்லை. அதனால் வாயில் வராவிட்டாலும் மனசுக்குள் அவள் அண்ணியாகவே இருந்தாள். கரித்துக்கொட்டும்போதுகூட அண்ணி என்றுதான் கரித்துக்கொட்ட வேண்டியிருந்தது.

கரித்துக்கொட்டக் காரணம் இருந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போயிற்று. அண்ணன் வீட்டில் வைத்துத்தான் பார்த்தார்கள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, நனைந்த படுக்கை விரிப்பை அலசிப் பிழிந்து போடுவது எல்லாம் அண்ணி. ஒரு வருஷம் அப்படியே போயிற்று. ஒருநாள் அம்மா கட்டிலின் ஓரத்திலிருந்து சரிய, அண்ணி பாய்ந்து ஒரு கையால் தாங்கினாள். மணிக்கட்டில் டொக்கென்று ஏதோ விட்டுப்போனதாகச் சொன்னாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட இன்னொரு ஆள் அம்மா மட்டும்தான். அம்மாவால் சொல்ல முடியாது.

அப்போது கறார் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கேட்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியை வரச் சொல்லி, கையைத் தட்டின் மேல் வைத்து, முன்பக்கம் ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தாள். மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகளும் கூழாங்கல் அடுக்கினாற்போல் இருந்தன. கீறல் இல்லை, விலகல் இல்லை. அன்று மத்தியானமே அண்ணன் வீட்டுக் கூடத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "எலும்புல ஒண்ணுமில்ல. சும்மா."

அந்தச் 'சும்மா' வீட்டுக்குள் புகுந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. அண்ணி துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "சும்மா." அம்மாவைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றால், "சும்மா." கறார் வாரம் ஒருமுறை வந்து, ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "நாடகக்காரிக்கு மேடையா கெடைக்கல?" என்பாள். எட்டு மாதம் இப்படிப் போனபின் அண்ணி ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். அம்மாவைக் கறார் தன்னிடம் கொண்டுவந்தாள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தாள். வேலையையும் அம்மாவையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் ஒரு காப்பகத்தில் விட்டாள். அங்கே போன ஏழாவது வாரம் அம்மா போய்ச் சேர்ந்தாள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அண்ணி பார்த்துக்கொண்ட காலம் முழுக்க அம்மா முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இருந்ததில்லை. இது கறாருக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவளுக்கு அண்ணி மேல் கோபம் ஆறவில்லை. கையை ஆட்டிக் காட்டிவிட்டு ஓடிப்போனவள்தானே, இருந்திருந்தால் அம்மா அப்படிப் போயிருக்க மாட்டாளே.

பத்தரை மணிக்குப் பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். இங்கே படம் பார்ப்பது அவள், பார்த்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்.

"சார், பதினோரு மணி கேஸ் எங்க அண்ணனோட பழைய சம்சாரம்."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழசு புதுசெல்லாம் ஸ்கேன்ல தெரியாது. அந்தம்மாவுக்குச் சங்கடம்னா நாளன்னிக்கு வரச் சொல்லு, இன்னொரு பொண்ணு லீவு முடிஞ்சு வந்துடும். இல்லைன்னா நீயே பாரு. ஒண்ணு விடாம எல்லாத்தையும் பதிவு பண்ணி வை."

சரி என்று வந்தாள். நாளன்றைக்கு வருகிறேன் என்று அண்ணியே சொல்வாள், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். தானாக ஒதுங்க அவளுக்கு மனசில்லை. பயந்துவிட்டாள் என்றல்லவா ஆகும்.

அண்ணி சரியாகப் பதினோரு மணிக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மார்பில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. கதவருகே நின்று, இருட்டாக்கப்பட்டிருந்த அறையை, மெஷினை, காகிதம் விரித்த கட்டிலை, கடைசியாகக் கறாரைப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீயா?"

"உக்காருங்க," என்றாள் கறார். அந்த 'ங்க'வைக் கல்லெறிவது போல எறிந்தாள். "வேற ஆள் வேணும்னா நாளன்னிக்கு வரலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"நாளைக்குக் கம்பெனியில ரிப்போர்ட் குடுத்தாகணும் மேடம். எக்ஸ்ரே நல்லாருக்காம். எம்.ஆர்.ஐ. நல்லாருக்காம். இதுவும் நல்லாருந்தா திருகு முடுக்கற வரிசைக்கே திரும்பிப் போகணும், இல்ல வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்." அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நீங்களே பாருங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்ற வாய் எதுவா இருந்தா என்ன? உங்களுக்குப் பழக்கமும் இருக்கு."

கறார் மருத்துவச் சீட்டைப் படித்தாள். தொழிற்சாலை டாக்டர் எழுதியது. 'வலிக்குக் காரணம் உண்டா, இல்லையா என்று தெரிவிக்கவும்.' அந்த 'இல்லையா' அவளுக்குப் பிடித்திருந்தது.

மணிக்கட்டு ஸ்கேனுக்குக் கால் மணி நேரம் போதும். கறார் அன்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தாள். அடுத்து வந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னாள். அவசரமாகப் பார்த்தார்கள், மேலோட்டமாகப் பார்த்தார்கள் என்று நாளைக்கு ஒரு வாய் பேசக் கூடாது. ஒவ்வொரு தசைநாணாக, ஒவ்வொரு மூட்டாக, நூலிழை இடம்கூட விடாமல் பார்த்து, ஒன்றுமில்லை என்பதை ஆணியடித்து நிறுத்த வேண்டும். அண்ணியிடம் அன்பாகப் பேசிய டாக்டர்கள் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடித்து அனுப்பியிருப்பார்கள். கறார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜெல்லைப் பிதுக்கினாள். சூடாக்கி வைத்த பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. குளிர்ந்ததை எடுத்தாள்.

"கையை மேசை மேல வைங்க. உள்ளங்கை கீழ."

முதலில் கட்டைவிரல் பக்கம். ஸ்கேன் மெஷினின் கைக்கருவியான ப்ரோபை வைத்து நகர்த்தினாள். திரையில் எலும்பு வெள்ளைக் கோடாக வந்தது, அதன் மேல் தசைநாண்கள் அரிசி அரிசியாகப் பளபளத்தன. "எங்க வேலை?" என்று பேச்சுக் கொடுத்தபடியே ப்ரோபைச் சுருக்கென்று அழுத்தினாள். நடிக்கிறவர்கள் எங்கே அழுத்தினாலும் துடிப்பார்கள். அது அவள் அனுபவத்தில் கண்டது.

"ஃபேன் கம்பெனி," என்றாள் அண்ணி. முகம் மாறவில்லை. "மோட்டாரை மூடற தட்டுல ஆறு திருகு. ஒரு நாளைக்கு நூத்தம்பது ஃபேன்."

நடுவில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. உள்ளங்கைப் பக்கம் திருப்பி நரம்பு போகும் குகை மேல் அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி கையைக் கவிழ்த்து, சுண்டுவிரல் பக்கம் வந்து, எலும்பு புடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அழுத்தினாள். அண்ணியின் மூச்சு பாதியில் நின்றது. வாயைத் திறக்கவில்லை. கால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் மடங்கியது.

கறார் வேறு இடங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தாள். நான்கு தடவை. நான்கு தடவையும் அதே இடத்தில், ஒரு கடலை அளவு இடத்தில், அதே மூச்சு. அவளுக்கு எரிச்சலாக வந்தது. நடிப்பு இவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆனால் திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. புடைத்த எலும்பில் ஒரு சின்னப் பள்ளம், பள்ளத்துக்குள் சுண்டுவிரல் பக்கத்துத் தசைநாண் குட்டித் தலையணைபோல் அடக்கமாகப் படுத்திருந்தது. அதைச் சுற்றி மயிரிழை அளவுக்குக் கறுப்பாகக் கொஞ்சம் நீர். அது நல்ல கையிலும் சில சமயம் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"சும்மா இருக்கும்போது வலி இருக்கா?"

"இல்ல."

"இப்ப இப்படி வெச்சிருக்கறப்போ?"

"நீங்க குத்தினா வலிக்குது. இல்லைன்னா இல்ல." அண்ணி கையை மேசையில் அசைக்காமல் வைத்தபடி பேசினாள். "எல்லாரும் அசையாம இருங்க, அசையாம இருங்கன்னுதான் படம் எடுக்கறாங்க. எம்.ஆர்.ஐ.யில அரை மணி நேரம் கையைக் கட்டிப் போட்டு, அசைச்சா மறுபடி எடுக்கணும்னு மிரட்டினாங்க. அசையாம இருந்தாத்தான் எனக்கு வலியே இல்லையேம்மா. இதை எத்தனை பேருகிட்டச் சொல்றது? உங்க வீட்லயும் சொன்னேன்."

கறார் நிமிர்ந்தாள். இதோ பிடி கிடைத்தது. அசைத்தால் வலிக்குமா, அசைக்கச் சொல்வோம். அசைத்தும் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று பதிவாகட்டும். அதற்குப் பிறகு எந்த டாக்டரும் இந்தக் கையைத் தொட மாட்டார்.

"சரி, அசைச்சே காட்டுங்க. எப்படிப் பண்ணினா வலிக்கும்?"

"துணி பிழியற மாதிரி."

கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து அவள் முன்னால் போட்டாள். "பிழிங்க. மெதுவா. நான் சொல்றப்போ." பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ப்ரோபை அந்தப் பள்ளத்தின் மேல் குறுக்காக, எடையே இல்லாமல் நிறுத்தினாள். அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பது அசையாது. அந்த அளவுக்கு அவள் தொழிலுக்கு நேர்மையானவள்தான்.

அண்ணி துண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பியது. மணிக்கட்டு மடங்கி சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தது. திரையில் தசைநாண் பள்ளத்தின் விளிம்புக்கு நகர்ந்தது. விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஒரே துள்ளலில் பள்ளத்தை விட்டு வெளியேறி எலும்பின் மேட்டில் போய் உட்கார்ந்தது. டொக்கென்று ப்ரோப் வழியாகக் கறாரின் விரலில் வந்து தட்டியது.

அண்ணியின் நெற்றியில் வேர்த்திருந்தது. துண்டை விட்டாள். தசைநாண் வந்த வழியே சரிந்து பள்ளத்துக்குள் போய், ஒன்றுமே நடக்காதது போலப் படுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை," என்றாள் கறார்.

இன்னொரு தடவையும் துள்ளியது. மூன்றாவது தடவையும். இடது கையில் செய்து பார்த்தாள். அங்கே அது பள்ளத்தை விட்டு நகரவே இல்லை, மேலே மெல்லிய உறை வாரைப்போல் இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கையில் அந்த உறை இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்து தடித்த ஓரம் மட்டும் இருந்தது.

திரை இருவருக்கும் தெரியும்படிதான் இருந்தது. அண்ணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அது என்ன, துள்ளுது?"

கறார் படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். அது என்ன?" 'ங்க' போய்விட்டது.

"தசைநாண். அதை எடத்துல கட்டி வைக்கற உறை கிழிஞ்சிருக்கு. கையைத் திருப்பினா வெளிய வந்துடுது."

"அதுக்குத்தான் வலியா?"

"ஆமா."

அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். அழுவாள் என்று கறார் நினைத்தாள். அழவில்லை. ஜெல் வழியும் கையை நீட்டி, கறாரின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, புடைத்த எலும்பின் மேல் வைத்து அமுக்கினாள். கையைத் திருப்பினாள். டொக். தோலுக்கு அடியில், தெளிவாக, தாழ்ப்பாள் விழுகிற மாதிரி.

"மெஷினே வேணாம். வெரலை வெச்சாலே தெரியும். உங்க அண்ணன்கிட்ட வெச்சுப் பாருங்கன்னு எத்தனை நாள் நீட்டியிருக்கேன் தெரியுமா? உங்கிட்டயும் நீட்டினேன். அந்தப் படம் எடுத்த ஞாயித்துக்கிழமை. கையைத் தட்டிவிட்டே."

தட்டிவிட்டது கறாருக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாதது போல இருக்க முயன்றாள். "அன்னிக்கு எக்ஸ்ரேல இது தெரியலை. எக்ஸ்ரேல தசைநாண் தெரியாது. எலும்பு மட்டும்தான் தெரியும்."

"அது அன்னிக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் பேசும் என்பது படிப்பின் முதல் மாதத்தில் சொல்லித்தருவது. எலும்பில் ஒன்றுமில்லை என்பதோடு அவள் நிறுத்தியிருந்தால் அது உண்மை. அதன் பின்னால் அவளாகச் சேர்த்த ஒரு வார்த்தை இருக்கிறதே.

"தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"சொன்னேன்."

அண்ணி தலையை ஆட்டினாள். வெகுநாளாக எதிர்பார்த்த ஒரு சாமான் கடைசியில் வந்து சேர்ந்ததுபோல் ஆட்டினாள். "நல்லா இரு."

அப்போதுதான் பெரிய டாக்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று பார்க்க வந்தவர், பதிவை ஓடவிட்டுப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். "அடடே! புடிச்சுட்டியே! எம்.ஆர்.ஐ.யிலயே தப்பிச்சதாச்சே இது!" என்று கறாரின் தோளில் தட்டினார். அண்ணியிடம், "உங்க அதிர்ஷ்டம்மா, இவ கையில மாட்டினீங்க. இவளுக்கு இங்க கறார்னு பேரு. ஒண்ணை விடமாட்டா," என்றார்.

அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் கன்னத்தில் ஓர் அடி வாங்கியிருந்தால் தேவலை என்று கறாருக்குப் பட்டது. "ஆமாம் டாக்டர். எங்களுக்கு ரொம்ப வருஷமாவே தெரியும்," என்றாள் அண்ணி.

டாக்டர் போனபின் கறார் அறிக்கையை அடிக்க உட்கார்ந்தாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, போகாமல் பின்னால் வந்து நின்றாள்.

"எப்ப இருந்துன்னு எழுது. ஏழு வருஷம்னு எழுது."

"படத்துல வருஷம் தெரியாது. ஓரம் தடிச்சிருக்கு, நாள்பட்டதுன்னு எழுதலாம்."

"படத்துல தெரியாது. உனக்குத் தெரியுமே."

கறார் விரலைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்தாள். "எழுதறேன். எங்க அம்மாவைத் தாங்கினப்போ வந்ததுன்னே எழுதறேன். ஆனா கம்பெனிக்காரன் அதைப் படிச்சா, வீட்ல வந்த பழைய காயம், எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு கைகழுவிடுவான். யோசிச்சுக்கோங்க."

அண்ணி யோசித்தாள். நியாயம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று அந்த முகத்தில் இழுபறி நடந்தது. இந்த நிலைமையையும் தானே உண்டாக்கியது என்பது கறாருக்கு உறைத்தது.

"அப்ப அதை எழுதாதே. படத்துல என்ன இருக்கோ அதை மட்டும் எழுது," என்றாள் அண்ணி. "மத்ததை வாயால சொல்லு. வாயாலதானே எல்லாம் பண்ணே. உங்க அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு."

அறிக்கையை அச்சடித்துக் கையெழுத்து வாங்கி உறையில் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது கறார், "நான் பண்ணினது..." என்று ஆரம்பித்தாள்.

அண்ணி கையை உயர்த்தி நிறுத்தினாள். "வேணாம். நீ மன்னிப்புக் கேட்டா நான் குடுக்கணும். எங்கிட்ட இல்ல." உறையை இடது கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் டயர் கடை வைத்திருந்தான். கறார் அன்று வேலை முடிந்து நேரே அங்கே போனாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் ஒரு லாரிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று கடப்பாரையால் ரப்பரை நெம்பிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் இறங்கினான்.

"என்ன, திடீர்னு?"

நின்றபடியே சொன்னாள். பட்டியலில் பெயர் வந்தது, துண்டு பிழிந்தது, துள்ளியது, எல்லாம். தசைநாண், உறை என்றெல்லாம் புரியவைக்கத் தன் மணிக்கட்டையே திருப்பித் திருப்பிக் காட்டினாள். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"அவ உன்னையும் மயக்கிட்டா."

"என் கண்ணால பாத்தேன் அண்ணே. வெரல்ல பட்டுச்சு."

"கம்பெனியில வந்த காயமா இருக்கும். திருகு முடுக்கி முடுக்கி."

"எட்டு மாசம் நம்ம வீட்ல இதையேதான் சொன்னா. இதே எடம், இதே வலி."

அவன் துணியைச் சுருட்டித் தரையில் அடித்தான். "இப்ப வந்து சொல்றே! அன்னிக்குக் கூடத்துல நின்னுக்கிட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னது யாரு? நாடகக்காரின்னு பேர் வெச்சது யாரு? படிச்சவ சொன்னான்னு நம்பினேன். என் குடும்பத்தையே அழிச்சவ நீ."

அவள் அதைத் தடுக்கவில்லை. முழுசாக வாங்கிக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கும் சூடேறியது.

"நான் சொன்னது பொய். தெரிஞ்சே சொன்ன பொய். அதை நான் இல்லைங்கலை. ஆனா உன்கிட்ட அவ தினம் கையை நீட்டியிருக்கா. தொட்டுப் பாருங்கன்னிருக்கா. கட்டைவிரலை வெச்சா போதும், படிப்பு வேணாம். ஒரு நாள் தொட்டியா? தொட்டா தெரிஞ்சுபோகும்னுதானே தொடலை? வேலைக்காரியும் வேணும், அவ கேக்கற ஒத்தாசையும் குடுக்கக் கூடாது. நான் சொன்னது உனக்கு வசதியா இருந்துச்சு. அதான் நம்பினே."

கடையில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கடப்பாரையை எடுத்தான், அடிக்க இல்லை, வேலையைத் தொடர. சக்கரத்தின் மேல் ஏறி முதுகைக் காட்டி நின்றான்.

"அம்மாவைக் கொண்டுபோய்க் காப்பகத்துல போட்டவ நியாயம் பேச வந்துட்டா. போ. இனிமே இந்தப் பக்கம் காலை வைக்காதே."

கறார் திரும்பினாள். நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். ஒரு பேருந்து வந்து நின்று போயிற்று. ஏறவில்லை. அம்மா முதுகு கண்ணுக்குள் வந்தது. ஆறு வருஷமாக அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணியைத் திட்டித்தான் அதைக் கண்ணிலிருந்து நகர்த்தி வந்திருக்கிறாள். இன்றைக்குத் திட்ட ஆள் இல்லை. அது நகரவில்லை.

அதன்பின் அண்ணன் பேசவில்லை. அவன் கடைப் பக்கம் அவளும் போகவில்லை. வேலையில் ஒரே ஒரு மாற்றம்: அசைத்தால்தான் வலி என்று யாராவது சொன்னால், தொழிற்சாலை அட்டை போட்டவரோ, பணக்காரரோ, அடுத்தவர்களைக் காக்க வைத்துவிட்டு அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். கவுண்ட்டரில் இருந்தவர்கள் வரிசை நீளுகிறதென்று முணுமுணுத்தார்கள். அவள் முன்னைவிடக் கடுகடுப்பாகிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள்.

அண்ணிக்கு அடுத்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது. கிழிந்த உறைக்குப் பதிலாகப் பக்கத்துத் திசுவிலிருந்து ஒரு பட்டை எடுத்துத் தசைநாணைப் பள்ளத்தில் கட்டிவைத்தார்களாம். பெரிய டாக்டர் சொன்னார். கம்பெனி திருகு வரிசையிலிருந்து எடுத்து, ஓடுகிற விசிறியை நின்று பார்த்துச் சரி என்று எழுதும் மேசைக்கு மாற்றியதாம். அந்த அறிக்கைதான் காரணம் என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். கறார் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நான்கு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அண்ணி பெயர் பட்டியலில் வந்தது. கறார் அறைக்குத்தான் போட்டிருந்தார்கள். ஒன்பதரை மணிக்குக் கவுண்ட்டரிலிருந்து கூப்பிட்டு, அந்தம்மா வேறு ஆள் பார்த்தால்தான் வருவேன் என்கிறார் என்றார்கள்.

"மாத்திக் குடு," என்றாள்.

இரண்டு அறைக்கும் நடுவில் மரத்தடுப்புதான். அந்தப் பக்கம் இன்னொரு பெண் ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உள்ளங்கையைத் திருப்புங்க, மடக்குங்க, இன்னொரு தடவை, என்று குரல் கேட்டது. கறார் இந்தப் பக்கம் ஒருவருடைய கல்லீரலை அளந்துகொண்டிருந்தாள். அளவை இரண்டு தடவை தப்பாகக் குறித்து அழித்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தசைநாண் எடத்தை விட்டு அசையலைக்கா. அருமையா உக்காந்திருக்கு. வலி இல்லையாம்."

"சரி."

"உங்களைக் கேட்டாங்க."

கறார் டப்பாவை மூடினாள். "என்னன்னு?"

"அவ இங்கதான் இருக்காளான்னு. பக்கத்து ரூம்லதான், கூப்பிடவான்னேன். வேணாம், இருக்காளான்னுதான் கேட்டேன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லைக்கா. கொஞ்ச நேரம் அந்தத் தடுப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

பையை எந்தக் கையில் எடுத்தாள் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. ரெண்டு மணி ஆள் வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்.